பெரியப்பா எழுந்து கொடுத்த இடம்

எங்கள் பெரியப்பாவைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்ததே அதனால்தான். அப்போது எனக்குப் பத்து வயது. ஊரே கூடி ஒருவரைப் புகழ்ந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தாராவியில் எங்கள் சனங்கள் ஜெபத்துக்குக் கூடினால் பேச்சு கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்கும். திருநெல்வேலியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவர்களுக்கெல்லாம் தன் ஒற்றை அறையில் இடம் கொடுத்தாராம். இடம் போதாத நாளில் எழுந்து, தன் பாயைப் புது ஆளுக்குக் கொடுத்துவிட்டு வாசலில் படுத்துக்கொள்வாராம். அவரைப் பார்த்துத்தான் தங்களுக்கு விசுவாசமே வந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பலர் இருந்தார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு அவர் மனைவி பெரியம்மையும் அப்பாவும் நானும் மெழுகுவத்தியும் செவ்வந்தி மாலையும் வாங்கிக்கொண்டு போவோம். மதில் ஓரத்து மரத்தடியில் இருந்தது பெரியப்பாவின் குழி. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு நகர்ந்ததும் பெரியம்மை அந்த மண்ணைத் தட்டி, "நான் போனா என்னையும் இதுலயே வச்சிருங்க" என்று அப்பாவிடம் சொல்வாள். லோக்கல் ரயிலில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறவள் மாதிரி இருக்கும்.

அந்த வருடம் பெரியம்மைக்கு முழங்கால் வீங்கிவிட்டதால் அப்பாவும் நானும் மட்டும் போனோம். எங்கள் குழியின் மேல் ஏற்கெனவே மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. யாரோ ஒரு பெண்ணும் என் வயதுப் பையனும் முழந்தாளிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். அப்பா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னை வாசல் குழாயில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது எங்கள் மாலைகளில் பாதி அவர்களிடம் இருந்தது. அப்பா அந்தப் பையனின் தோளில் கை வைத்திருந்தார்.

வெளியே வந்ததும் யார் அவர்கள் என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்குட்டி அது? பெரியம்மைட்ட மூச்சு விடக் கூடாது, கேட்டியா."

எனக்கு அது போதாதா? பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டிவிட்டேன். பெரியப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது. பையனின் மூக்குகூட அவர் மூக்குதான். இதை மறைக்கத்தான் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாயைக் கொடுத்திருக்கிறார். ஒன்றும் தெரியாத பெரியம்மையை நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும், எல்லாம் நல்லபடியாக நடந்ததா என்று பெரியம்மை கேட்டாள். என் வாய் நிற்கவில்லை.

"பெரியப்பாக்கு வேற பொண்டாட்டி இருக்கு, பெரியம்மை. பையனும் இருக்கான். அங்க உக்காந்து அழுறாவ."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அதில்ல மதினி. அந்தப் பொம்பள புருசனை இப்ப அந்தக் குழியில வச்சிருக்காவ. இங்க இடம் நமக்குச் சொந்தமில்லல்லா. கொஞ்ச வருசம் போனா தோண்டி, எலும்பைப் பொதுக்குழியில போட்டுட்டு அடுத்த ஆளை வச்சிருதாவ. உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல."

பெரியம்மை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இருந்தப்ப பாயைக் குடுத்தாவ. இப்ப படுத்த குழியையும் எந்திச்சுக் குடுத்துட்டாவ, பாத்தியாட்டி."

சந்தேகம் பொய்யாகிப் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவளே சிரித்துவிட்டாளே, விஷயம் முடிந்தது என்று விளையாடப் போய்விட்டேன்.

அடுத்த வருடம் பெரியம்மையும் வந்தாள். அந்தப் பெண்ணுக்கும் சேர்த்தே மெழுகுவத்தி வாங்கியிருந்தாள். சாமியார் மந்திரித்துவிட்டு நகர்ந்ததும், வழக்கம்போல் மண்ணைத் தட்டக் குனிந்து கையை நீட்டினாள். கை பாதியில் நின்றுவிட்டது. பிறகு அதே கையால் பக்கத்தில் நின்ற அந்தப் பையனின் தலையைத் தடவினாள். அவனை ஆசீர்வதிக்கிறாள் என்று நினைத்து நானும் என் தலையை நீட்டினேன்.