மாலைக்கண்ணோடு நடந்த மார்கழி

கம்பெனி வாசலில் மூன்று படிகள். அந்த மார்கழியில் ஒருநாள் வேலை விட்டு இறங்கும்போது கடைசிப் படி எனக்குத் தெரியவில்லை. விழப் போனவளைப் பின்னால் வந்த சூப்பர்வைசர் அக்கா முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

அப்போது நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதக் கர்ப்பம். உள்ளே டியூப் லைட் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்கக்கூடத் தடுமாறியதில்லை. வெளியே பொழுது சாய்ந்ததும் எல்லாம் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும். வேலையை விடச் சொல்வார்களோ, பிள்ளைக்கு ஏதும் குறை என்பார்களோ என்று பயந்து கணவரிடம்கூட மறைத்திருந்தேன்.

“ஏன் கண்ணு, பொழுது உளுந்தா கண்ணு தெரியறதில்லையா?”

“இல்லீங்கக்கா, தலை சுத்துச்சு.”

அவர் நம்பவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். கீரை வாசமே ஆகாது, முட்டையைக் கண்டால் குமட்டும். மாதக்கணக்காக டீயில் நனைத்த வர்க்கியும் ரசச் சோறும்தான் என்றேன்.

“நானும் இப்படித்தான் யாருகிட்டயும் சொல்லாம இருந்தேன். ஆறாம் மாசம் உளுந்துட்டேன். புள்ள தங்குல.”

அதற்கு மேல் அவர் அதைப் பேசியதேயில்லை.

மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வைட்டமின் ஏ குறைந்ததால் வந்த மாலைக்கண் என்றார் டாக்டரம்மா. அளவு பார்த்து மருந்து கொடுத்தார். அது கூடினாலும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள் என்று எச்சரித்தார். அன்றிலிருந்து அக்காவின் டிபன் பாக்ஸில் எண்ணெய் விட்டு வதக்கிய முருங்கைக்கீரையோ கேரட் பொரியலோ எனக்கும் சேர்த்து வந்தது. குமட்டினாலும் நான்கு வாய் தின்னாமல் விடமாட்டார். மாலையில் பஸ் ஸ்டாப் வரை அவர் தோளில் கைவைத்து நடப்பேன்.

சில வாரம் கழித்து, அதே இருட்டும் வேளையில் பாதை எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் மூடியில்லாத ஆழமான சாக்கடை. அதன் விளிம்பை ஒட்டி அக்கா நடந்துகொண்டிருந்தார். இத்தனை நாளும் அந்தப் பக்கம் அவர்தான் நடந்திருக்கிறார்.

“இந்தப் பக்கம் வாங்கக்கா” என்று இழுத்தேன்.

அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். “தெரியுதா?”

“தெரியுதுங்கக்கா.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சாக்கடையை இப்போது மூடிவிட்டார்கள். மகளைப் பள்ளியிலிருந்து அந்த வழியே கூட்டிவரும்போது, இன்னமும் அந்த ஓரத்தில் நான்தான் நடக்கிறேன்.