மூன்றாம் தொட்டியின் பூஜ்யம்

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் நகல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பானம் தயாரிக்கிற ஆலை அது. தொட்டிகள், பம்புகள், வால்வுகள் அத்தனையையும் ஆட்டுவிப்பது ஒரு கன்ட்ரோலர். அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மனிதக் கண்ணுக்குக் காட்டுவது கட்டுப்பாட்டு அறைச் சுவரில் இருக்கும் தொடுதிரை. எந்தப் படம் எங்கே வர வேண்டும், எந்தத் தொட்டியின் படம் எந்த சென்சாரின் எண்ணைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் திரைக்கென்று எழுதிய ஒரு மென்பொருளில் இருக்கிறது. திரை செத்தால் கடையில் வேறு வாங்கலாம். மென்பொருள் போனால் போனதுதான். அதனால் யாராவது ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றினால்கூட இவள் ஓடிவந்து நகல் எடுத்துவிடுவாள். ஒன்று தன் கணினியில், இன்னொன்று பீரோவுக்குள். "அது தண்ணி குடிச்சாக்கூட ஒரு டம்ளர் நகல் எடுத்து வெச்சுட்டுத்தான் குடிக்கும்" என்று பேக்கிங் பகுதியில் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிப்பவர்களுக்கு என்ன தெரியும். படிப்பை முடித்து அவள் முதலில் சேர்ந்த நூல் ஆலையில் இப்படித்தான் ஒரு திரை அணைந்தது. நகல் கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவன் முகத்தைப் பார்த்தார்கள். ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது, கடைசிவரை திறக்கவே இல்லை. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் அவளுக்கு இந்தப் பழக்கம் ஊறியது. எதையும் அழிக்கக் கூடாது, எதன்மேலும் எழுதக் கூடாது. அவளுக்கு அது வேதவாக்கு.

அந்த வேதவாக்குதான் அவள் காலை வாரியது.

போன மாதம் மூன்றாம் தொட்டியின் சென்சாருக்குப் போகும் இணைப்பு கருகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த இன்ஜினியர், வயரைக் கழற்றி கன்ட்ரோலரில் காலியாக இருந்த வேறொரு இடத்தில் மாட்டினார். திரையின் மென்பொருளிலும் அந்தப் புது இடத்தைக் காட்டிக்கொடுத்தார். பார்வைக்குத் திரையில் ஒரு புள்ளி மாறவில்லை. பழைய படம், பழைய நிறம், பழைய எழுத்து. அந்தப் படம் எண்ணை எங்கிருந்து எடுக்கிறது என்பது மட்டும் உள்ளுக்குள் மாறியிருந்தது.

அவர் கிளம்பும்போது இவள் விடாப்பிடியாக நகல் கேட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே தன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். இவள் தன் கணினியில் செருகி இறக்கினாள். இதே பெயரில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, அதன்மேல் எழுதலாமா என்று கணினி கேட்டது. வருஷக்கணக்காக அந்தக் கேள்விக்கு அவள் விரல் ஒரே பதிலைத்தான் சொல்லிப் பழகியிருந்தது. வேண்டாம் என்று அழுத்தினாள். அதோடு வேறு பெயரில் புதியதைச் சேமித்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து இன்ஜினியரின் வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்து அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தவள், அங்கே கிடந்த பழையதையே புதியது என்று நினைத்து அன்றைய தேதியைப் போட்டு, பீரோவுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். இரண்டு இடத்திலும் பத்திரமாக ஒரே தப்பு உட்கார்ந்திருந்தது.

திரை அணைந்தது ஒரு கழுவு நாளில், முற்பகலில். கழுவு நாள் என்றால், கொதிக்கக் கொதிக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலைத் தொட்டி தொட்டியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்வார்கள். மேலே பட்டால் தோல் வழன்று வந்துவிடும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். கரைசல் வடிந்து தொட்டி காலியானபின் அடிப்பக்கத்தில் ஆள் நுழையும் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார்கள். அன்று மூன்றாம் தொட்டியின் மூடியில் கசிகிற ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். அந்த வேலை அவள் கொழுந்தனுடையது.

கொழுந்தனை இந்த ஆலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். ஒரே வீட்டில் கூட்டுக் குடித்தனம். கணவர் லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அதனால் பல்பு மாற்றுவதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடுவது வரை எல்லாம் கொழுந்தன்தான். "தொட்டிப் பக்கம் வேலைன்னா பயமா இருக்குக்கா" என்று ஓரகத்தி தயங்கியபோது, "நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்று வாய் கொடுத்தவளும் இவள்தான்.

திரை கறுத்ததும் கட்டுப்பாட்டு அறையில் கூட்டம் கூடிவிட்டது. கழுவல் பாதியில் நிற்க, வால்வுகள் எல்லாம் தாமாக மூடிக்கொண்டன. எந்தத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் வாசலிலேயே நின்றார்.

"எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"புதுத் திரை ஸ்டோர்ல இருக்கு சார். நகல் என்கிட்ட இருக்கு. மாட்டி ஏத்திட்டாப் போதும்."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்தது. இருக்காதா பின்னே? இத்தனை வருஷக் கேலிக்கும் சேர்த்து இன்றைக்குத்தானே பதில் சொல்கிறாள். பழைய திரையைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள், லேப்டாப்பை இணைத்தாள், போன மாதத் தேதி போட்டிருந்ததை எடுத்து ஏற்றினாள். திரை வெளுத்தது, நீலமானது, தொட்டிகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

கொழுந்தன் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"வந்துடுச்சா அண்ணி? மூணு என்ன காட்டுது?"

"பூஜ்யம். வடிஞ்சிடுச்சு தம்பி."

"சரி, அப்ப நான் மூடியைக் கழட்டறேன். சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடலாம்."

காதடைப்பானை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மேனேஜர் அவள் பக்கம் திரும்பி, நகல்காரி என்று இனி யாராவது கேலி செய்தால் தன்னிடம் வரச்சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவள் கண் முதல் தொட்டியில் நின்றது. அதுவும் காலிதான். ஆனால் எண் சும்மா இருக்கவில்லை. கடைசி இலக்கம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. உயிருள்ள சென்சார் அப்படித்தான் இருக்கும், பம்ப் ஓடுகிற அதிர்வுக்கே துள்ளும். இரண்டாம் தொட்டியும் துள்ளியது. நான்கும் ஐந்தும் துள்ளின. மூன்று மட்டும் பூஜ்யத்தில் அடித்துவைத்த ஆணியாக நின்றது. அவள் இமைக்காமல் பார்த்தாள். அசையவே இல்லை.

கருகிப்போன இடத்திலிருந்துதான் அப்படி ஒரு எண் வரும். திரை பழைய இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் தான் ஏற்றியது பழைய மென்பொருள். அப்படியென்றால் மூன்றாம் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று இந்தத் திரைக்குத் தெரியாது. வடிவதற்குள் வால்வு மூடிவிட்டது. தொட்டி நிறையக் கொதிக்கிற காஸ்டிக்.

மேனேஜர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது? மெஷினை நிறுத்தலாம், தொட்டிக்குள் தேங்கி நிற்பதை எப்படி நிறுத்துவது? வடிகுழாயைத் திறந்தாலும் அது வடிய நேரமாகும். கொழுந்தனின் போன் லாக்கரில் இருக்கும், அது ஆலை விதி. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

இரும்புப் படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. தொட்டி அறை நீளமானது, ஜன்னல் கிடையாது, பகலிலும் விளக்குதான். பம்புகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. அந்தக் கோடியில், மூன்றாம் தொட்டியின் முன்னால், அவளுக்கு முதுகைக் காட்டி அவன் குந்தியிருந்தான். ஸ்பானர் சுற்றிக்கொண்டிருந்தது. கழற்றிய திருகுகள் அவன் காலடியில் கிடந்தன.

"தம்பி!"

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓடிப்போய்த் தொடுவதற்குள் அடுத்த திருகு கழன்றுவிடும். அவள் கை பக்கத்துச் சுவரைத் துழாவியது. அறை விளக்குகளின் மெயின் சுவிட்ச் அகப்பட்டது, கீழே தள்ளினாள்.

அறை முழுக்க இருட்டு.

வேலை செய்கிறவன் எவனானாலும் வெளிச்சம் போனால் கையை நிறுத்துவான். அதை நம்பித்தான் அணைத்தாள். மறுபடி போட்டபோது அவன் எழுந்து நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே ஓடினாள். மூடியின் விளிம்பிலிருந்து நூல் கனத்தில் ஒரு கசிவு ஆவி பறக்கத் தரையில் ஓடி வந்துகொண்டிருந்தது. அவனும் அப்போதுதான் அதைப் பார்த்தான். எட்டிக் குதித்திருக்கலாம், குதிக்கவில்லை. குதித்திருந்தால் ஓடி வருகிற அவள் மேல்தான் மூடி திறந்திருக்கும். ஸ்பானரைத் திருப்பிப்போட்டு, மிச்சமிருந்த இரண்டு திருகுகளையும் பல்லைக் கடித்து முறுக்கினான். அவள் கீழே கிடந்தவற்றைப் பொறுக்கி ஒவ்வொன்றாக நீட்டினாள். ஒன்று உருண்டு போனது, மண்டிபோட்டு எடுத்துக் கொடுத்தாள். கசிவு நின்றது.

இரண்டு பேரும் சுவரோரம் வந்து உட்கார்ந்தார்கள். அவன் காதடைப்பானைக் கழற்றினான்.

"என்ன அண்ணி, கரண்ட் பில்லு ஏறுதுன்னு லைட்ட அணைச்சிட்டீங்களா?"

சொல்லிவிட்டு அவன் சிரிக்கத்தான் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று மேனேஜரிடம் போய், "நான் வெச்சிருந்த நகல் தப்பு சார், தேதிதான் புதுசு, உள்ள இருக்கறது பழசு" என்று மழுப்பாமல் சொன்னாள். வெளியூர் இன்ஜினியர் சரியானதை அனுப்பினார். ஏற்றியதும் மூன்றாம் தொட்டியின் எண் முக்கால்வாசிக்குப் போய் நின்று துள்ளியது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மாலை வீட்டுக்கு வந்தால் கொழுந்தன் தன் மனைவியிடம் கதையளந்துகொண்டிருந்தான். திரை அணைந்ததாம், மேனேஜர் முழித்தாராம், அண்ணி ஒரே மூச்சில் ஓட்டிக் காட்டினாளாம், எல்லோரும் கைதட்டினார்களாம். கதை அதோடு நின்றுவிட்டது. ஓரகத்தி தட்டை வைத்துக்கொண்டே, "நம்ம அக்கான்னா சும்மாவா" என்றாள்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறைத்துவிடலாம், அவனே மறைத்துக் கொடுத்திருக்கிறான். ஆனால் அந்த "நம்ம அக்கா" விடவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டாம் என்று அழுத்தியதை, போட்ட தேதியை, பூஜ்யம் என்று தன் வாயால் சொன்னதை, கசிந்ததை.

ஓரகத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"தொட்டிமேல கை வெச்சுப் பாத்துட்டுத்தான் திறப்பேன், சூடு காட்டிக்கொடுத்துடும்னு எங்கிட்ட சத்தியம் பண்ணீங்களே. இன்னைக்கு ஏன் வெச்சுப் பாக்கல?"

அவன் அண்ணியைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே பதில் சொன்னான்.

"எப்பவும் பாப்பேன். இன்னைக்கு அண்ணி போட்ட திரைதானேன்னு விட்டுட்டேன்."