ஆக்னஸ் வாங்கிய பீர்

ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் ஆக்னஸுக்குக் காலர் தைக்கும் வேலை. கணவன் பால்ராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர். சனிக்கிழமை சாயங்காலம் அவனும் கூட வேலை செய்யும் திருமுருகனும் குவாட்டர்ஸ் பால்கனியில் பீரோடு உட்காருவார்கள். எந்தப் பீருக்குத் தொட்டுக்கொள்ள என்ன டச்சிங்ஸ் என்று பால்ராஜ் சொல்வான். ஆக்னஸ் அதை வறுத்து, தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஒழுங்கு. பெரிய கொடுமை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. அவளுக்கென்று ஒரு நாற்காலியும் இல்லை.

போன வாரம் அவள் சுட்டுத் தின்னும் உப்புச் சீஸ் ஒரு கட்டி வாங்கி வந்தாள். தோசைக்கல்லில் அது உருகாமல் இரு பக்கமும் சிவந்தது. வழக்கமான ஸ்ட்ராங் பீரோடு ஒரு துண்டைத் தின்ற பால்ராஜ், ஒரே கரிப்பு என்று தட்டைத் தள்ளினான். சமையலறையில், மிச்சமிருந்த பீரோடு அவளும் ஒரு துண்டைத் தின்று பார்த்தாள். கசப்பும் உப்பும் நாக்கில் மல்லுக்கு நின்றன. அடுத்த துண்டை எலுமிச்சை ஜூஸோடு தின்றபோது அந்தச் சண்டை இல்லை. சீஸைக் குறை சொல்லிப் பயனில்லை, பீரைத்தான் மாற்ற வேண்டும் என்று தோன்றியது.

இந்த வாரம் பீரைத் தானே வாங்கப்போவதாகச் சொன்னாள். டச்சிங்ஸுக்குப் பார்த்து எவனாவது பீர் வாங்குவானா என்று பால்ராஜ் சிரித்தான். பொம்பளை அந்தக் கடையில் போய் நின்றால் குவாட்டர்ஸே பேசும் என்றான். பேசட்டும் என்று ஷிஃப்ட் முடிந்ததும் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினாள். பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிற பெரிய கடை அங்கேதான் இருந்தது.

"சாரு இன்னா பிராண்டு சாப்புடுவாரு?" என்றார் கடைக்காரர்.

"சாருக்கு இல்லப்பா, எனக்கு. கசப்பு கம்மியா, லேசா புளிப்பா இன்னா கீது?"

பின்னால் நின்றவன் இளித்தான். "ஆன்ட்டிக்கு ஸ்ட்ராங்கே குடுண்ணா."

"உனுக்கு இன்னா வேணும்னு நான் கேட்டனா நைனா?" என்றாள். அவன் போனைப் பார்க்கத் தொடங்கினான். கடைக்காரர் காட்டிய கோதுமை பீரில் இரண்டு பாட்டில் வாங்கினாள்.

சாயங்காலம் சுட்ட சீஸோடு ஒரு நாற்காலியையும் பால்கனிக்கு இழுத்து வந்து உட்கார்ந்தாள். திருமுருகன் அரைகுறையாக எழுந்து, "அண்ணி, நான் வேணும்னா..." என்றான். உட்காரச் சொன்னாள். பால்ராஜ் தன் ஸ்ட்ராங் பாட்டிலைத் திறந்து ஊற்றிக்கொண்டு சீஸுக்குக் கை நீட்டினான். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இதுக்கு இந்த பீர்தான். கிளாஸ மாத்து, அப்பால எடுத்துக்க."

"என் ஊட்ல எனக்கே சட்டமா?"

"குவாட்டர்ஸ் என் பேர்ல அலாட் ஆனது. மறந்துட்டியா?"

பால்ராஜ் கிளாஸை மாற்றவில்லை, பக்கத்துக் கிண்ணத்திலிருந்த மிக்சரைக் கொறித்தான். இருவரையும் மாறிமாறிப் பார்த்த திருமுருகனும் மிக்சரிலேயே கை வைத்தான். ஆக்னஸ் தனியாகத் தின்றாள், தனியாகக் குடித்தாள். பஸ்ஸில் வந்ததில் பீரின் குளிர்ச்சி பாதி போயிருந்தது. அப்படியொன்றும் பிரமாதமில்லை, ஆனால் உப்புக்குச் சரியாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து பால்ராஜ் இன்னும் மிக்சர் வேண்டும் என்றான். டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவள் சொன்னாள்.