மண் ரோடு உள்ள எல்லையாகப் பார்த்து

நேபாளத்துக்கு ஜீப்பிலேயே போவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் மூன்று நாள் சண்டை நடந்தது. போகலாமா வேண்டாமா என்பதில் சண்டை இல்லை, இரண்டு பேருக்குமே ஆசைதான். எந்தச் சாவடி வழியாக எல்லையைத் தாண்டுவது என்பதில்தான் வந்தது வினை.

என் வீட்டுக்காரருக்கு லாரிகள் போகும் பெரிய சாவடி. தார் ரோடு, பாலம், வரிசை, ரசீது, எல்லாம் ஒழுங்காக இருக்கும். நான் பிடித்துக்கொண்டிருந்தது மேற்கே தள்ளி இருந்த ஒரு சின்னச் சாவடி. அங்கே நம் ஆட்களின் அலுவலகம் ஆற்றுக்கு இந்தக் கரையில், அவர்களுடையது அந்தக் கரையில். நடுவில் பாலம் கிடையாது. மழைக்காலத்தில் படகுதான். தண்ணீர் வடிந்த பிறகு ஆற்றுப் படுகைக்குள்ளேயே வண்டியை இறக்கி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போனவர்கள் எடுத்த வீடியோக்களை நான் சோறு வடிக்கும்போதுகூட போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு இன்னா பைத்தியமா? நல்ல ரோடு இருக்குது, அத்த வுட்டுட்டு ஆத்துல இறங்கணும்ன்றியே" என்றார்.

"நல்ல ரோட்ல போறதுக்கு ஃபோர் வீல் டிரைவ் வண்டி எதுக்குங்க? பஸ்ல போலாமே" என்றேன்.

இது வாய்க்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. அது அவருக்கும் தெரியும்.

எங்களுக்கு மரக்காணத்தில் உப்பளம். அளத்துக்குள் ஜீப் ஓட்டுவது பன்னிரண்டு வருடமாக நான்தான். இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர் நிற்க, ஒரு வண்டி மட்டுமே போகிற கரையில் ரிவர்ஸிலேயே வந்துவிடுவேன். லைசென்ஸும் உண்டு. நாற்பத்தைந்து வயதில், பெற்ற பிள்ளைகளே கேலி செய்ய, முதல் தடவையிலேயே 'எச்' போட்டு வாங்கியது. ஆனால் வண்டி ஈசிஆர் ரோட்டைத் தொடும் இடம் வந்துவிட்டால், இவர் பக்கத்து சீட்டில் இருந்தபடியே இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டு, "இறங்கு, நான் பாத்துக்கறேன்" என்பார். பாண்டிச்சேரி பஸ் பறந்து வருமாம், எனக்குக் கை நடுங்கிவிடுமாம். நடுங்கியது என் கை இல்லை. ஆக, மண்ணில் வண்டி எனக்கு, தாரில் அவருக்கு. யார் போட்ட சட்டமோ. நான் கோபித்துப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன், ஒரு வாரம் மீன் வாங்காமல் வெறும் ரசம் வைத்தும் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை.

அதனால் அவர் சட்டத்தையே கையில் எடுத்தேன். எல்லைக் கதவை ஒட்டியே மண் ரோடு தொடங்குகிற சாவடி எது என்று தேடிப் பிடித்தேன். ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குள் நான் வண்டி ஓட்டிக்கொண்டு நுழைய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அசட்டு ஆசை என்றுதான் எங்கள் மகளும் சொன்னாள். இருக்கட்டுமே.

மூன்றாம் நாள் அவர் இறங்கி வந்தார். "சரி, மண்ணு வந்தா நீ ஓட்டு. ஆனா எங்கனா மாட்டிக்கினா சாவிய எங்கிட்ட குடுத்துடணும். அப்புறம் பேச்சே இருக்கக் கூடாது" என்றார். அந்தப் பேச்சு அந்த ஆற்றுக்கு மட்டும் இல்லை, மொத்தத்துக்கும்தான் என்று எனக்குப் புரிந்தது. சரி என்றேன்.

ஐப்பசி மழை விழுந்து பாத்திகள் எல்லாம் முழுகி, அளத்தில் வேலை நின்றதும் கிளம்பினோம். உப்புக்காரர்களுக்கு ஊர் சுற்ற அதுதான் காலம். அதே நாட்களில் வடக்கே ஆறுகள் வடிந்து கிடக்கும் என்பது எங்கள் அதிர்ஷ்டம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச்சாமியார் ஜீப்புக்குத் தீர்த்தம் தெளித்தார். "ரேடியேட்டர்லயும் ரெண்டு சொட்டு ஊத்துங்க சாமி" என்றார் இவர். சாமியார் சிரித்துக்கொண்டே ஊற்றினார்.

ஐந்து நாள் தார் ரோடு. ஐந்து நாளும் அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்தேன். நாக்பூர் ஆரஞ்சு வாங்கினோம். வழியெல்லாம் கிடைத்த டீயில் பாலைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று அவர் ஒவ்வொரு கடையிலும் சொன்னார். அளத்தில் வேலை செய்த பீகார்க்காரர்களிடம் கற்ற இந்தியை ஒவ்வொரு டோல்கேட்டிலும் இறக்கினார். அவர்கள் பதிலுக்கு ஆங்கிலத்தில் பேசினார்கள்.

ஆறாம் நாள் காலை அந்தச் சாவடி. கீற்றுக்கொட்டகை ஒன்றில் ஒரு மேசை, ஒரு ஆள். இவர் பழக்கதோஷத்தில் வண்டிக்கான தாளில் 'டிரைவர்' என்ற இடத்தில் தன் பெயரையே எழுதி நீட்டிவிட்டார். நான் பார்த்துவிட்டேன். அங்கே வைத்துச் சண்டை போடவா முடியும்? ஆனால் கொட்டகையைத் தாண்டியதும் மண் ஆரம்பித்தது. அவர் வண்டியை நிறுத்தி இறங்கி, இந்தப் பக்கம் சுற்றி வந்தார். நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தேன்.

படுகை அரை மைல் அகலம் இருக்கும். டிராக்டர்கள் போய்ப் போய்த் தடம் விழுந்திருந்தது, இரண்டு பக்கமும் குச்சி நட்டிருந்தார்கள். லோ கியரில் மெதுவாக இறக்கினேன். தூரத்தில் அந்தக் கரை, அதன்மேல் அவர்கள் கொடி. எனக்கு வாய் காதுவரை போயிருக்க வேண்டும், "பல்லு காயப்போகுது" என்றார் இவர்.

பாதி ஆற்றில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அச்சு முறிந்து தடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. சுற்றித்தான் போக வேண்டும். வலது பக்கம் வெளுத்துப் போய்ப் பொருக்குத் தட்டிய மண். இடது பக்கம் கறுத்து, வழவழவென்று சமமாக இருந்தது. இவர் இறங்கி முன்னால் நின்று இடது பக்கம் கையைக் காட்டினார். அவர் காட்டுவதற்கு முன்பே நான் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம்தான் ஒடித்திருந்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் இருவரும் கேட்காமலே ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான். கரும்புமேல் உட்கார்ந்திருந்த ஆள் வலது பக்கம், வெள்ளைப் பக்கம், கையை ஆட்டி என்னவோ கத்தினார். பாவம், மண்ணைப் பற்றி என்ன தெரியும் அவருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அளத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான்: வெள்ளையில் கால் வைக்காதே. பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை கறுப்பாக, பளபளப்பாக இருக்கும். அதன்மேல் எருமையை ஓட்டலாம். மிதிக்காத இடத்தில்தான் மேலே உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கும், கீழே முழங்கால் சேறு. அங்கே ஆற்றில் எல்லாம் தலைகீழ் என்று எங்களுக்கு யார் சொல்வது? வெள்ளை, காய்ந்த மணல். கறுப்பு, நேற்றுவரை தண்ணீர் நின்ற வண்டல்.

பத்தடி போனேன். முன் சக்கரம் இரண்டும் உள்ளே போயின, பிறகு பின் சக்கரம். நான்கு சக்கரமும் ஒன்றாகச் சுற்றின, ஒன்றாகவே இறங்கின. கரும்புக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இவர் கதவருகே வந்து கையை நீட்டினார்.

"சாவி."

"நீங்கதான கைய காட்டினீங்க."

"காட்டினேன். பேச்சு இன்னா பேசினோம்? மாட்டிக்கினா குடுக்கணும்."

சொன்ன சொல் சொன்ன சொல்தான். ஆனால் கொடுத்தால் அந்த ஆற்றோடு என் கதை முடிந்தது. ஊருக்குப் போனாலும் பாண்டிச்சேரி பஸ்ஸுக்குப் பதில் இந்தச் சேற்றைச் சொல்லிச் சொல்லியே சாகும்வரை பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிடுவார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே சிரிக்கிறவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வெள்ளைல போயிருந்தா நான் மாட்டியிருக்க மாட்டேங்க" என்றேன். "உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சது அவ்ளோதான். நீங்க ஓட்டியிருந்தாலும் இங்கதான் நின்னுனு இருப்பீங்க. இல்லன்னு சொல்லுங்க, குடுத்துடறேன்."

அவர் சக்கரத்தைப் பார்த்தார். வெள்ளை மண்ணைப் பார்த்தார். அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம், பொய் சொல்ல வராது. நீட்டிய கையை இறக்கினார்.

பிறகு பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு கரும்புக்காரர்களிடம் போய், தன் பீகார் இந்தியில் என்னவோ கேட்டு, இரண்டு கட்டு கரும்புத் தோகை வாங்கி வந்தார். சக்கரங்களுக்கு முன்னால் அதைப் பரப்பி, அதன்மேல் ஏறி மிதிக்க ஆரம்பித்தார். குதிகால் முதலில், விரல் பிறகு, பக்கத்துக்குப் பக்கம் இடைவெளி விடாமல், தை மாதம் பாத்தி மிதிக்கும் அதே மிதி. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, அவர் பக்கத்தில் வரிசையாக நின்று, அவரைப் பார்த்துப் பார்த்து மிதித்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று.

"நான் தள்றேன். கெளம்பிட்டா வெள்ளைக்குத் திருப்பு, நிக்காம போ" என்றார். "எனக்காக நிறுத்தாத."

செகண்ட் கியரில் கிளட்சை நூல் பிடித்தாற்போல் விட்டேன். ஜீப் முனகியது, ஆடியது, பிறகு ஏறியது. வெள்ளை மண்ணில் சக்கரம் பட்டதும் வண்டி லேசானது எனக்குத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. கண்ணாடியில் அவர் சேற்றோடு சின்னதாகிக்கொண்டே போனார். நான் மட்டும் அந்தக் கரை ஏறி, கொடிக்குக் கீழே, குறுக்குக் கம்பத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அதிகாரி அந்தத் தாளை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். டிரைவர் எங்கே என்று இந்தியில் கேட்டார். எனக்கு அந்த அளவுக்கு இந்தி புரியும். ஆனால் இதற்குப் பதிலை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். திரும்பி ஆற்றைக் காட்டினேன்.

கால் மணி கழித்து இவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தொடைவரை சேறு, தலைமுடியில் தோகை. அதிகாரி அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். இவர் தாளை வாங்கி மேசையில் வைத்து, தன் பெயரை நீளமாக அடித்துவிட்டு, அதற்கு மேலே என் பெயரை எழுதினார்.

"டிரைவர் இவங்கதான்" என்று தமிழிலேயே சொல்லி என் பக்கம் கையைக் காட்டினார்.

அப்படியானால் நீ யார் என்பதுபோல் அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கிளீனர்" என்றார் இவர்.

அந்தக் காலைப் பார்த்த பிறகு அதிகாரிக்குச் சந்தேகம் வரவில்லை. முத்திரை குத்தினார், கம்பம் மேலே போனது. நான் எஞ்சினைப் போட்டேன். இவர் இடது பக்கக் கதவைத் திறந்தார், தன் சேற்றுக் காலைப் பார்த்தார், ஒரு காலைக்கூடத் தூக்கி உள்ளே வைக்காமல் நின்றார்.

"ஏறலாமா?" என்று என்னைக் கேட்டார்.