விளக்கு வைத்த பிறகு கேட்ட நெட்

“…அதுக்கில்லக்கா, வெள்ளிக்கெயமயும் அதுவுமா, விளக்கு வெச்ச வூட்டாண்ட வந்து நின்னுகினு ஒண்ணு கேக்கலாமா கூடாதான்னுதான் ரோசன பண்ணிகினு இருக்கேன்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நிலைப்படிக்கு வெளியே நின்றாள். ஒரு காலை முன்னே வைத்தாள், பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மணி ஆறேகால் இருக்கும். நான் அப்போதுதான் தறிக்குழியிலிருந்து ஏறி, முகம் கழுவி, விளக்கை ஏற்றிவிட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தேன். பட்டு நெய்வதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கையைத்தான் பார்ப்பார்கள். குழியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் மிதிக்கிறவளுக்குத்தான் தெரியும், அது இடுப்பும் முழங்காலும் செய்கிற வேலை என்று. எங்கள் தெருவில் ஒருத்தி சொல்வாள்: “தறிக்குழில எறங்கறது புருசன் வூட்டுக்குப் போறாப்ல. போறது சுளுவு, எந்திரிச்சி வரதுதான் கஷ்டம்.” அன்று எனக்கு யாரோடும் பேசத் தெம்பில்லை. ஆனாலும் அவள் என்ன கேட்க வந்தாள் என்று தெரிந்துவிட்டது. நெட் கேட்க வந்திருந்தாள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் என் தறிக்கும் இன்னும் இரண்டு வீட்டுத் தறிகளுக்கும் தார் சுற்றிக் கொடுக்கிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குழலில் பட்டு இழையைச் சுற்றுவதற்குத்தான் தார் சுற்றுவது என்று பெயர். அவள் வீட்டுக்காரர் செய்யார் கம்பெனியில் வேலை. அந்த வீட்டில் இருக்கிற ஒரே டச் ஃபோன் காலையில் அவரோடு கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடும். இவளிடம் இருப்பது பட்டன் ஃபோன். மகள் பிளஸ் டூ முடித்தவள். பள்ளியில் கொடுத்த லேப்டாப் இருக்கிறது, அதற்கு நெட் இல்லை.

என்னிடம் இருப்பது சென்னையில் வேலை செய்கிற என் மகன் வாங்கிக் கொடுத்த ஃபோன். ரீசார்ஜும் அங்கிருந்தே அவன்தான் போடுவான். முதலாளி அனுப்புகிற புடவை பார்டர் படங்களைப் பார்ப்பேன், மகனோடு பேசுவேன். ஒரு நாளைக்கு வருகிற இரண்டு ஜிபியில் பெரும்பங்கு சும்மாதான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் அவள் மகள் வந்தாள். “பெரிம்மா, ஃபோன குடேன்” என்று வாங்கி ஏதேதோ அழுத்தினாள். “ஹாட்ஸ்பாட்டு ஆன் பண்ணிட்டேன். இப்ப எங்க வூட்டுக்கு நீதான் டவரு” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. “எறைக்கிற கெணறுதான்டி ஊறும், எடுத்துக்கோ” என்று பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய்க்கு அப்புறம்தான் தெரிந்தது, இந்தக் கிணறு இறைத்தால் ஊறுகிற கிணறு இல்லை. தீர்ந்தால் மறுநாள்தான். தீரப்போகிறது என்று மகனுக்கு மெசேஜ் போகுமாம். “யம்மா, இன்னாம்மா நாளெல்லாம் படமா பாத்துகினு கீற?” என்று கேட்பான். “ஆமாண்டா, சீரியலு” என்பேன். தறியில் உட்கார்ந்திருக்கிறவள் எங்கே சீரியல் பார்ப்பது? அவனும் நம்பினானோ இல்லையோ, மேலே கேட்கவில்லை.

அது போகட்டும். சிரமமெல்லாம் ஃபோனை வைக்கிற இடத்தில்தான் இருந்தது. அந்தச் சுவர் பழைய தடிச்சுவர். ஃபோனைப் பின்பக்கத்து ஜன்னலில் வைத்தால்தான் நெட் சுவரைத் தாண்டும். ஹாட்ஸ்பாட் போட்டால் ஃபோன் தோசைக்கல் மாதிரி சுட ஆரம்பிக்கும், சார்ஜ் சரசரவென்று இறங்கும். அதனால் சார்ஜரிலேயே வைக்க வேண்டும். அந்த ஃபோனில் சார்ஜர் குத்துகிற ஓட்டை தளர்ந்துபோனது. ஒயரை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் ஏறும், அசைந்தால் நின்றுவிடும். இத்தனையும் சரியாக இருந்தாலும், லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தால் ஹாட்ஸ்பாட் தானாகவே அணைந்துபோகும்.

உடனே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: “பெரிம்மா, நெட்டு பூடுச்சி!”

நான் நாடாவை நிறுத்தி, இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலை மேலே தூக்கி, அப்புறம் இன்னொரு காலைத் தூக்கி, எழுந்து போய் அழுத்திவிட்டு வந்து மறுபடி இறங்க வேண்டும். பகலில் வீட்டில் வேறு ஆள் இல்லை. என் வீட்டுக்காரருக்குப் பஜாரில் கடை வேலை. இப்படி நிறுத்தி நிறுத்தி நெய்தால் துணியில் கோடு விழும். முதலாளி புடவையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, நடு நடுவுல எங்க போய்க் குந்திகினு வந்த?” என்று கேட்டார். டவராக இருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

அந்த வாரம் பெண்ணுக்குக் கவுன்சிலிங். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தாள். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று லேப்டாப்பில் வரிசையாகப் பதிந்து, கடைசியில் பூட்டுப் போட வேண்டுமாம். பூட்டாவிட்டால் இந்தச் சுற்றில் இடம் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிதான் கெடு.

வியாழக்கிழமை அவள் பதிய உட்கார்ந்தாள். நான் ஏறினேன், இறங்கினேன், ஏறினேன். ஏழாவது தடவை “பெரிம்மா, நெட்டு…” என்று குரல் வந்தபோது எனக்குக் காலில் பிடித்துக்கொண்டிருந்தது. குழியிலிருந்தபடியே கத்திவிட்டேன்: “ஒரு மொழம் நெய்யறதுக்குள்ள எத்தினி தபாம்மா ஏறி ஏறி எறங்கறது? என் முட்டி இன்னா ராட்டினமா?”

பிறகு அவள் அம்மாவின் குரல், எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்க: “மூடுடி அத. நம்மளால யாருக்கும் பேஜார் வாணாம். நாளைக்கி உங்கப்பன் நாலு மணிக்கே வந்துடுவாரு, அவரு ஃபோன்ல பாத்துக்கலாம்.”

வெள்ளிக்கிழமை நான் ஹாட்ஸ்பாட் போடவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு எழுந்திருக்காமல் நெய்தேன், துணி நன்றாக விழுந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? காது மட்டும் சுவரிலேயே இருந்தது. அங்கே ராட்டை சுற்றுகிற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. மத்தியானம் வழக்கம்போல் தார் கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள், பேசாமல் போனாள். “நெட்டு வேணுமாம்மா?” என்று நானே கேட்டிருக்கலாம். அசதி, அதனால் கேட்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசதி இருந்தது உண்மைதான். வீம்பும் இருந்தது.

நாலு மணிக்கு வருவதாக இருந்த அவள் வீட்டுக்காரர் வரவில்லை. இதைத்தான் அவள் வாசலில் நின்று சொன்னாள்.

“கம்பெனி கேட்டுலேர்ந்து ஃபோன் பண்ணாருக்கா. ஓவர் டைம் போட்டுட்டாங்களாம். எட்டு மணி பஸ்ஸுலதான் வருவாராம். பொண்ணு பஜாருக்கு ஓடிப் போய் பிரவுசிங் கடையப் பாத்துட்டு வந்தா. உள்ள நிக்க எடமில்ல, வாசல்ல வரிச நிக்குதாம். எல்லாருக்கும் இன்னிக்கிதான் கடசி நாளு.”

“அடிப்பாவி, அத மொதல்ல சொல்லக்கூடாதா? வா உள்ள.”

அவள் வரவில்லை. விளக்கைப் பார்த்தாள்.

எனக்கு உடனே புரிந்தது, புரிந்ததும் உடம்பு கூசியது. இந்தத் தெருவில் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகாது. மோர் கொடுக்க மாட்டார்கள், ஊசி கொடுக்க மாட்டார்கள். உப்பு கொடுப்பது என்ற பேச்சே கிடையாது, உப்பு லட்சுமி. அவள் அந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், இடுப்பில் குழந்தையோடு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உறைமோர் கேட்டு இதே வாசலுக்கு வந்தாள். “விளக்கு வெச்சாச்சிம்மா. காத்தால வா” என்று சொல்லி அனுப்பியவள் நான்தான். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் அவள் என் வாசலை மிதித்ததே இல்லை. அந்த இடுப்புக் குழந்தைதான் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

“அய்ய, மோருக்குத்தான்மா அதெல்லாம்” என்றேன். “நெட்டுல இன்னா கீது? அது வெறும் காத்து.”

“காத்துன்னா ஏன்க்கா தீந்து பூடுது?” என்று கேட்டாள். “தீந்து போற பொருளு எல்லாமே லச்சுமிதான்.”

தினமும் மகனுக்கு அதைத் தீர்த்துக் காட்டுகிறவள் நான்.

“நானாதானே குடுக்கறேன், எடுத்துக்கோ.”

“குடுக்கறவங்க குடுப்பீங்க. எடுக்கறவளுக்குத் தெரிய வாணாமா? உங்க புள்ள வெளியூர்ல கீறாரு. நாளைக்கி அவருக்கு ஒரு காய்ச்சலு தலவலின்னா, வெள்ளிக்கெயம வாங்கினியேன்னு என் மனசே என்னக் கேக்கும்.”

“அப்ப உன் பொண்ணு?”

அவள் முந்தானையைக் கையில் சுற்றினாள், பிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண் கத்தினாள்: “யம்மா, மணி ஆறர ஆவப்போவுது! கேட்டியா இல்லியா?”

“இருடி!”

இவளோடு பேசிக்கொண்டிருந்தால் ஆகாது என்று நான் கையை ஊன்றி எழுந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. ஃபோனை எடுத்தால் ஒன்பது சதவீதம் சார்ஜ். நாளெல்லாம் வீம்பாக இருந்தவள் அதற்குச் சார்ஜும் போடவில்லை. ஜன்னலில் வைத்து ஒயரைக் குத்தி, இப்படிச் சாய்த்து அப்படிச் சாய்த்து, ஒருவழியாக நிறுத்திவிட்டு ஹாட்ஸ்பாட்டை அழுத்தினேன். “போட்டுட்டேன், போயி பாருன்னு சொல்லு” என்று திரும்பினால் வாசலில் ஆளில்லை.

கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொன்னதற்கு நேற்றிலிருந்து இத்தனை பாடா என்று எனக்கும் அலுப்பாக இருந்தது. ஜன்னலோரமே நின்றேன். ஒயர் நழுவியது. மறுபடி குத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தாயும் மகளும் ஏதோ பேசுவது கேட்டது, என்னவென்று பிடிபடவில்லை.

அவள் திரும்பி வந்தாள். வலது கையை மூடிக்கொண்டு, அதன் கீழே இடது கையைத் தாங்கிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை நிலைப்படியில் நிற்கவில்லை. வலது காலை உள்ளே வைத்து நேராக ஜன்னலுக்கு வந்து, ஃபோனுக்குப் பக்கத்தில் கையைத் திறந்தாள். கல் உப்பு. கை நிறைய.

“வெறுங்கையோட எடுக்கலக்கா. வெச்சிட்டுத்தான் எடுக்கறேன்” என்றாள்.

அந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அவள் வீட்டுப் பின்வாசல் தெரியும். அங்கே மாடத்தில் அவள் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“ஏம்மா, உன் வூட்லயும் விளக்கு வெச்சாச்சே” என்றேன். “உப்ப எடுத்துகினு வெளிய வந்துட்டியே!”

“போவட்டும்க்கா, வுடுங்க.”

“பொண்ணுக்கு இன்னிக்கின்னு பாத்து…”

“அவளுக்குத்தான்க்கா” என்றாள்.

அதற்குள் ஒயர் மறுபடி நழுவியது. திரை மங்கியது. நான் கை நீட்டும் முன்பே அவள் ஒயரைப் பிடித்துவிட்டாள். ராட்டையில் இழை அறுந்துவிடாமல் இரண்டு விரலுக்கு நடுவில் விடுவாளே, அதே மாதிரி கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, லேசாகக் கீழே சாய்த்தாள். சார்ஜ் ஏறுகிற அடையாளம் வந்தது.

“நெட்டு வந்துச்சிம்மா!” என்று சுவர் வழியாகக் குரல் வந்தது.

“ஜல்தியா பண்ணுடி” என்றாள் இவள்.

“நான் புடிச்சிக்கறேன், நீ போயி பொண்ணுகூட இரு” என்றேன்.

“நீங்க குந்துங்கக்கா. காத்தாலேர்ந்து குழில கெடந்தீங்க.”

நான் உட்கார்ந்தேன். உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிற நிலையில்தான் இருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். சூடான ஃபோனும், உப்பும், அவள் இரண்டு விரலும் ஒரு சாண் இடத்துக்குள் இருந்தன. பக்கத்து வீட்டில் லேப்டாப்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒரு தடவை அந்தப் பெண் “அய்யோ” என்றாள். இவள் தோள் ஏறி இறங்கியது, விரல் அசையவில்லை. கல்லூரிப் பெயர்களைப் பெண் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பது கேட்டது. வேலூர், அப்புறம் காஞ்சிபுரம், அப்புறம் எனக்குத் தெரியாத ஊர்கள்.

ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, “பூட்டிட்டேம்மா! பெரிம்மா, பூட்டிட்டேன்!” என்று கத்தினாள்.

நான் “அப்பாடி” என்று கண்ணை மூடித் திறந்தேன். “விட்டுடும்மா, முடிஞ்சிடுச்சி” என்றேன்.

அவள் விடவில்லை. “இன்னொரு தபா நல்லாப் பாருடி” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஒயரைப் பிடித்திருந்த விரலை எடுக்காமல், இடது கையால் ஜன்னலில் சிதறியிருந்த உப்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, என் பக்கமாகக் குவித்து வைத்தாள்.