முன்சீட்டும் மூன்று தேங்காய்களும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு எழுபத்திரண்டு மைல். அந்த வீதியில் பாறையைக் குடைந்து போட்ட வாசல் இருக்கிறது, புத்தகம் மாதிரி ஒரு மலை இருக்கிறது, வீதி போட்ட வெள்ளைக்கார எஞ்சினியருக்காக மலையுச்சியில் கட்டிய கோபுரம் இருக்கிறது. இவ்வளவையும் காரில் போய்ப் பார்த்தவள் நான் என்று பல பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அந்த எழுபத்திரண்டு மைலும் நான் பார்த்தது என் தங்கையின் பிடரியைத்தான். அவள் முன்சீட்டில் இருந்தாள். நான் பின்னால் இருந்தேன்.

உலக யுத்தம் வருவதற்கு முந்திய காலம் அது. பெற்றோலுக்குக் கூப்பன் வந்திருக்கவில்லை. என் கணவர் ரயில்வேயில் கிளார்க். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக, ரயில் போனால் தட்டு முட்டெல்லாம் ஆடும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கலியாணமாகி எட்டு வருஷம். பிள்ளை இல்லை. தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். இரண்டு வருஷத்துக்கு முன் கலியாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். அவள் புருஷனுக்குப் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை. கடை வளர்ந்தது, மனிதரும் கொஞ்சம் வளர்ந்தார், கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு காரும் வந்து சேர்ந்தது.

அதுவரை எல்லாவற்றிலும் நான்தான் முதல். யாழ்ப்பாணத்தை விட்டு முதலில் வெளிக்கிட்டவள் நான். முதலில் கடல் பக்கம் வீடெடுத்தவள் நான். அரசாங்க உத்தியோகத்தருக்குக் கிடைக்கும் இலவச ரயில் வொறண்டில் கண்டிக்குப் போய் வந்து, அதைப்பற்றி நாலு பக்கத்தில் அவளுக்குக் கடிதம் எழுதியவளும் நான்தான். அந்தக் கடிதத்தை அவள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாளாம். இப்போது அவள் கார் வாங்கிவிட்டு, "அக்காவும் அத்தானும் வாங்கோ, கண்டிக்குப் போவம்" என்று கூப்பிடுகிறாள். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பார்கள். பூனை இவ்வளவு கெதியாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

கார் எங்கள் படலையில் வந்து நின்றபோதே அவள் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டு வழக்கப்படி மாம்பழத்தின் முதல் துண்டும் மூத்தவளுக்கு, புதுச்சேலையைத் தெரிவு செய்வதும் மூத்தவள். மூத்தவள் இருக்கும்போது இளையவள் முன்சீட்டில் ஏறியதை நான் கண்டதில்லை. எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். பின்னால் இருந்தால் தலை சுற்றுகிறது என்றாள். ஒரே கார், ஒரே சில்லு, பின்னால் இருப்பவளுக்கு மட்டும் தலை சுற்றுமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டு ஏறினேன். என் கணவர் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார்.

முதலில் பம்பலப்பிட்டிக் கோயிலடியில் நிறுத்தினோம். புதுக்கார் தூரப் பயணம் போகுமுன் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, சந்தனம் பூசி, தேங்காய் உடைக்க வேண்டும். தேங்காய் உடைப்பது காருக்குச் சொந்தக்காரர். அதுதான் முறை. தங்கையின் புருஷன் தேங்காயை எடுத்து, கையால் தடவிப் பார்த்து, என் கணவரின் கையில் கொடுத்தார்.

"அண்ணை, நீங்கள் உடையுங்கோ," என்றார்.

என் கணவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரே அடியில் இரண்டு பாதியாக உடைத்தார். தங்கை காரைவிட்டு இறங்கவே இல்லை, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு பற்றியெரிந்தது. கார் வாங்கினால் கை அழுக்காகாதாம், தேங்காய் உடைக்க ஒரு கிளார்க் வேண்டுமாம். புறக்கோட்டை தாண்டி, களனி ஆற்றின் இரும்புப் பாலம் வரும்வரை நான் யாரோடும் கதைக்கவில்லை. அதை யாரும் கவனிக்காததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பஸ்யாலைப் பக்கத்தில் வீதியோரம் வரிசையாகக் கொட்டில்கள். ஒவ்வொன்றிலும் பூப்போட்ட துணி உடுத்த சிங்களப் பெண்கள் கஜு என்கிற முந்திரிப் பருப்பைக் கூடையில் வைத்துக்கொண்டு நின்று, கார்களைக் கைகாட்டிக் கூப்பிடுவார்கள். அந்தப் பெண்களைப் பார்ப்பதற்கென்றே கொழும்பிலிருந்து வரும் துரைமார் உண்டு. ஒருத்தி ஓடிவந்து முன்கண்ணாடிக்குள் தலையை விட்டு, தங்கையைப் பார்த்து, சீமாட்டியைக் கூப்பிடுவது போல "நோனா" என்றாள். அவளுடைய கன்னத்தையும் தோட்டையும் மாறிமாறிப் பார்த்து, வடிவாக இருக்கிறாய் என்று சிங்களத்தில் சொன்னாள். பிறகு கடதாசியில் சுற்றிய பருப்புச் சரையைப் பின்பக்கமாக நீட்டி என் மடியில் வைத்தாள். சாமான் பிடிப்பதற்கு என்று கூட்டிவந்த ஆள் என்று என்னை நினைத்திருக்கிறாள். தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு கெடுதியும் இல்லை. இருந்தாலும் அந்தச் சரையில் ஒரு பருப்பைக்கூட நான் வாயில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கை காட்டிய இடமெல்லாம் கார் நின்றது. செவ்விளநீர் கண்டால் நின்றது. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய புளிப்பு அம்பரலங்காய் கண்டால் நின்றது. ஒரு கோயில் யானை குளிப்பதைப் பார்க்க நின்றது. தூரத்தில் மொட்டையாக ஒரு மலை தெரிந்தது, வெள்ளைக்காரர் அதை பைபிள் மலை என்பார்கள் என்று தங்கையின் புருஷன் விளக்கினார். எனக்கு அது அம்மி மாதிரி இருக்கிறது என்று என் கணவர் சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் உண்மையாகச் சிரித்தது அந்த ஒரு முறைதான். உடனே தங்கை தனக்கு முதுகு வலிக்கிறது என்றாள், புருஷன் காரை நிறுத்தி அவள் முதுகுக்குத் தலையணை வைத்தார். எட்டு வருஷத்தில் எனக்கு ஒருவரும் தலையணை வைத்ததில்லை.

கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் லொறிக்காரர் வைத்துக் கும்பிடும் சின்னப் பிள்ளையார். ஏறுமுன் எல்லா வாகனமும் அங்கே நிற்கும். இரண்டாவது தேங்காய். மறுபடியும் அவர் அதை என் கணவரிடம் நீட்டினார். மறுபடியும் என் கணவர் சால்வையைக் கட்டினார். லொறிக்காரர் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கண்ணில் யார் முதலாளி, யார் வேலையாள் என்பது தெளிவாக இருந்திருக்கும்.

வளைவு வளைவாக ஏறினால் அந்தப் பாறை வாசல். வீதி நேரே கல்லுக்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது. மலையைத் துளைத்து வருகிறவனுக்குத்தான் கண்டி இராச்சியம் கைக்கு வரும் என்று அந்தக் காலத்தில் ஒரு சொல் இருந்ததாம், அதனால் வெள்ளைக்காரன் கல்லையே துளைத்தானாம். உள்ளே போகும்போது தங்கையின் புருஷன் ஹோர்ன் அடித்தார், கல் திருப்பி அடித்தது. தங்கை இரண்டு கையாலும் காதைப் பொத்திக் குனிந்தாள். என்ன நடிப்பு என்று நினைத்தேன்.

உச்சியில் அந்த எஞ்சினியர் கோபுரம். வெள்ளை நிறம், உள்ளே சுழன்று போகும் மரப்படி. காவற்காரன் கதவைத் திறந்துவிட்டான். தங்கை ஏறமாட்டேன் என்றாள். அவள் ஏறாவிட்டால் அவரும் ஏறமாட்டார். நானும் என் கணவரும் ஏறினோம். மேலேயிருந்து பார்த்தால் வந்த வீதி முழுக்கப் பாம்பு மாதிரி கீழே கிடக்கிறது. அதைப் பார்க்காமல் நான் நேர் கீழே பார்த்தேன். பச்சைக் காருக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள், அவர் குடை பிடிக்கிறார், அவள் அம்பரலங்காய் கடிக்கிறாள். கார் கிடைத்தது போகட்டும். கடை வளர்ந்தது போகட்டும். ஒரு மனிதர் நடுவீதியில் நின்று குடை பிடிக்கிறாரே, அதை என்னால் தாங்க முடியவில்லை. என் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை அவள். அந்த நிமிஷம் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

இறங்கி வந்ததும், மேலேயிருந்து என்ன தெரிந்தது என்று ஆசையாகக் கேட்டாள்.

"எல்லாம் வடிவாத் தெரிஞ்சுது," என்றேன். "கனக்க ஆடாதை பிள்ளை. ஏறினது எல்லாம் ஒருநாள் இறங்கத்தான் வேணும்."

அவள் முகம் வெளிறிப் போயிற்று. கையிலிருந்த காய் விழுந்தது. சேலைத் தலைப்பை இழுத்து முன்பக்கம் முழுக்க மூடிக்கொண்டாள். மலையில் குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன். என் கணவர் என் முழங்கையைப் பிடித்துக் காருக்குள் ஏற்றினார்.

கண்டியில் பிள்ளையார் கோயில். மூன்றாவது தேங்காய். அது என் கணவரின் பக்கம் வருவதைக் கண்டேன். இடையில் புகுந்து பறித்து, திருப்பித் தங்கையின் புருஷனின் நெஞ்சுக்கு நேரே நீட்டினேன்.

"என்ரை மனிசன் உங்கடை வேலைக்காரனோ? கார் உங்கடை, நேர்த்திக்கடன் உங்கடை. நீங்களே உடையுங்கோ."

கோயிலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தேங்காயை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றார். கல்லைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், உடைக்கவில்லை. ஐயர் கற்பூரத் தட்டோடு காத்து நின்றார். அவருக்கு அந்த முழுசலே போதுமாக இருந்தது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாவோ என்று மெதுவாகக் கேட்டார். தங்கையின் புருஷன் தலையாட்டினார்.

"அம்மா, அப்ப அவரைக் கட்டாயப்படுத்தாதேங்கோ," என்றார் ஐயர் என்னிடம். "அவர் உடைக்கக்கூடாதெல்லோ."

எனக்குத் தெரியாததா? மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் தேங்காய் உடைப்பதில்லை. உடைக்கிற இடத்தில் அவளும் நிற்பதில்லை. எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் அந்த முறைக்கு ஒருநாளும் வேலை வரவில்லை. என் கணவர் எட்டு வருஷமாகத் தடையே இல்லாமல் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர். முன்சீட்டு, அம்பரலங்காய், தலையணை, குடை என்று எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. நான் காரைத்தான் பார்த்தேன்.

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது, ஊரில் அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. நான்கு மாசம். தங்கையை ஒரு தூணடிக்குக் கூட்டிப்போய், ஏன் எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மாதான் ஐந்து மாசம் முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று எழுதினாவாம். என் மனம் நோகும் என்று நினைத்தாவாக்கும் என்றேன். அவள் ஓம் என்று சொல்லியிருக்கலாம். சின்ன வயதிலிருந்தே என்னிடம் பொய் சொல்ல வராது அவளுக்கு.

"போன வருஷம் உங்களிட்டைத்தான் முதல் சொன்னனான், அக்கா," என்றாள். "ஒரு கிழமைக்குள்ளை அது கலைஞ்சு போச்சு."

போன வருஷம் அவள் சொன்ன அன்று நான் பாயசம் காய்ச்சினேன். அவளைக் கட்டிப்பிடித்தேன். எல்லாம் உண்மை. அவள் போன பிறகு கிணற்றடியில் நின்று, எனக்கு இல்லாதது இவளுக்கு ஏன் என்று கடவுளிடம் கேட்டதும் உண்மை. கலைந்துபோனது என்று கேள்விப்பட்டு அழுதேன், அதிலும் பொய்யில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. அதைச் சொல்லும்போது அம்மா யாரை நினைத்திருந்தா என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் காலையில் அதே வீதியால் திரும்பினோம். தங்கை என்னை முன்னால் இருக்கச் சொன்னாள், நான் மறுத்துவிட்டேன். அன்று முழுக்க அவளுடைய பிடரியைப் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டேன். வெளியே பார்த்தேன். கோபுரம் போயிற்று, பாறை வாசல் போயிற்று, அம்மி மலை போயிற்று. மைல்கற்களை எண்ணினேன். இடையில் என்னை அறியாமல் கண் முன்னால் போனால், கண்ணை மூடிக்கொண்டேன். கஜுக்காரிகள் கைகாட்டினார்கள், கார் நிற்கவில்லை.

வெள்ளவத்தைக்கு வரப் பின்னேரம் மூன்று மணி. தங்கை காரில் இருந்தபடியே போயிருக்கலாம். இறங்கி, நேரே என் குசினிக்குள் வந்து, பலகையைப் போட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள்.

"கண்ணூறு கழிச்சு விடுங்கோ, அக்கா," என்றாள்.

கண்ணூறு கழிப்பது வீட்டில் மூத்தவள். அவளுக்குக் கொழும்பில் மூத்தவள் நான் ஒருத்திதான். சந்தி மண் ஒரு பிடி, உப்பு, செத்தல் மிளகாய் மூன்று எடுத்துப் பொத்திக்கொண்டு அவளை மூன்று முறை சுற்றினேன். கண்டவர் கண், காணாதவர் கண், ஊர்க்கண் என்று சொல்லிவந்து, உறவுக்கண் என்ற இடத்தில் சுற்றிய கை நின்றது. மறுபடி சுற்றி, அதை இன்னொரு முறை உரத்துச் சொன்னேன். பிறகு கையிலிருந்ததை அடுப்பில் போட்டேன். உப்பு வெடித்தது.

மிளகாய் எரிந்தால் குசினியில் ஒருவராலும் நிற்க முடியாது. கண்ணூறு இருந்தால் மட்டும் கமறாது என்பார்கள். மூன்று மிளகாயும் கறுத்துச் சுருண்டு எரிந்து முடிந்தன. நானும் அவளும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

"எவ்வளவு கண்ணூறு," என்றாள் தங்கை. "ஆரின்ரை கண்ணோ."

"அந்தக் கஜுக்காரி," என்றேன். "அவள் உன்னை அப்பிடிப் பாத்தவள்."

தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்ல வராதவள் அவள்.

"ஓம் அக்கா, அவளாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, என் சேலைத் தலைப்பை இழுத்துத் தன் முகத்தைத் துடைத்தாள்.