ஏரிப் பக்கம் திருப்பிய பெட்டி

எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டுக்கு யாரும் வழி கேட்பதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு நிமிடம் நிற்பார்கள். எந்தப் பக்கம் பாட்டு கேட்கிறதோ அந்தப் பக்கம் நடப்பார்கள். அந்தப் பாட்டைப் போடுகிறவன் நான்தான். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் காதுகுத்தோ கல்யாணமோ கருமாதியோ, பெரும்பாலும் நம்ம சவுண்ட் சர்வீஸ்தான். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினால் பக்கத்து ஊர் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் இதை விளம்பரமாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்படிப்பட்டவனுக்குச் சத்தமே ஆகாத ஒரு மகள் பிறந்தாள். மிளகாய் மண்டிக்காரன் வீட்டில் தும்மல்காரி பிறந்த மாதிரி. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் இருப்பாள். தகரக் கொட்டகையில் மழை விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவாள். அடம், செல்லம், காத்து கருப்பு என்று உறவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவள் கல்லூரிக்குப் போகிற வயதில்தான் சென்னையில் ஒரு டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். நோய் இல்லை, மூளை வேலை செய்கிற விதம் வேறு என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

"அவருக்குப் புரியல டாக்டர். புரியாதப்பதான் இப்டி ஆட்டுவாரு" என்றாள் என் மனைவி.

டாக்டர் பொறுமையாக மறுபடி சொன்னார். ஒருவர் பேசும்போது ஃபேன் சத்தத்தையும் தெருச் சத்தத்தையும் நாம் தானாகவே தள்ளிவிடுகிறோம். இவளுக்கு எல்லாமே ஒரே அளவில் வந்து விழுகிறது. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மிக்ஸரில் எல்லா சேனலையும் முழுசாக ஏற்றிவிட்டு, குறைக்கிற குமிழைப் பிடுங்கிப் போட்டால் எப்படி இருக்கும்? ஆபரேட்டரே ஓடிப்போவான். இவள் அதோடு பன்னிரண்டாம் வகுப்பு வரை முடித்திருந்தாள்.

படிப்பு முடிந்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. வந்த வேகத்தில் போகவும் இருந்தது. பக்கத்துச் சுவருக்குப் பின்னால் கம்ப்ரஸர் ஓடும். சூப்பர்வைசர் நடந்துகொண்டே வாயால் வேலைகளைச் சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் இவள் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் எங்களுக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று பரபரத்தபோது, பக்கத்து மேஜைக்காரன் குனிந்து அவளிடமே கேட்டிருக்கிறான்: "இன்னா பண்ணா உங்களுக்கு வேல செய்ய முடியும்?"

நாங்கள் அதுவரை டாக்டர்களை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. இடத்தை மாற்றுங்கள், வேலையை மெசேஜில் அனுப்புங்கள், அவ்வளவுதான். மாற்றினார்கள், அனுப்பினார்கள், வேலை நடந்தது. கேள்வி கேட்டவன் மாகறல் ஊர்க்காரன். பிறகு அவனே அம்மாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தான்.

நிச்சயதார்த்தத்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. மகள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஸ்பீக்கர் வெச்சா எழுந்து போயிடுவேன், நைனா. பட்டாசும் கூடாது. சந்தனத்த யாரும் பூச வேணாம், நானே வெச்சிக்கிறேன். எது முடிஞ்சா எதுன்னு முன்னாடியே சொல்லிடு."

இது மிரட்டல் இல்லை, தகவல். இவளுடைய அக்காள் கல்யாணத்தில் மேளம் ஆரம்பித்ததும் எழுந்து போனவளை ஊர்த் தண்ணீர் டேங்க் அடியில்தான் கண்டுபிடித்தோம். அன்று போனது மணப்பெண்ணின் தங்கை. இன்று போனால் மணப்பெண்ணே போவாள்.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அவனுடைய பெரியப்பாதான் பெரிய தலை. விவரம் சொல்ல ஃபோன் செய்தேன்.

"இன்னா சம்மந்தி, பேஜார் பண்றீங்க? சவுண்டு சர்வீஸ் வெச்சிக்கினு சொந்தப் பொண்ணு நிச்சயத்துக்கு ஒரு பாட்டு இல்லயா? சாவு வூட்லயே மோளம் கீது!"

"அவளுக்கு ஒத்துக்காதுங்க."

"எல்லாம் பயகினா சரியாப்பூடும். நான் சரவெடி வாங்கி வெச்சிக்கீறேன். வெடிச்சிக்கினுதான் உள்ள வருவோம். வேணாம்னா சொல்லுங்க, வண்டிய இப்டியே திருப்பிக்கிறோம்."

மாப்பிள்ளை அவரிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தான். வெடித்தால் பெண் போய்விடுவாள், வெடிக்கக் கூடாது என்றால் சம்பந்தி போய்விடுவார். நான் வழக்கம்போல் இரண்டு பக்கமும் தலையாட்டிவைத்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று முகூர்த்த நாள். முகூர்த்த நாளில் பெட்டி சும்மா கிடந்தால் எனக்கு உடம்புக்கு ஆகாது. ஊரின் மறு கோடியில், ஏரிக்கரை ஓரம், ஒரு வீட்டில் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள் என்று செட்டை அங்கே அனுப்பியிருந்தேன். இதன் விளைவை யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்தால் வேறு தொழில் பார்த்திருப்பேன்.

மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் பைக்கில் முதலிலேயே வந்துவிட்டார்கள். சீர்த்தட்டுகளோடு பெரியப்பா வரும் வேனைக் காணவில்லை. ஃபோன் அடித்தால் எடுப்பாரில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று என் மனைவி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள் என்றே நினைத்தோம்.

நடந்ததைப் பிறகு பெரியப்பாவே சொன்னார். ஊர் முக்கூட்டு ரோட்டில் வேன் நின்றிருக்கிறது. நான் அனுப்பிய லொகேஷன் இடப்பக்கம் போகச் சொன்னது, என் ஸ்பீக்கர் வலப்பக்கம் கூப்பிட்டது. எங்கள் ஆட்கள் எதை நம்புவார்கள்? காதுகுத்து வீட்டு வாசலில் இறங்கி, சரவெடி முழுவதையும் கொளுத்தி, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். தாய்மாமன் சீர் வந்துவிட்டது என்று அவர்களும் கும்பிட்டு அழைத்துப் பந்தியில் உட்காரவைத்திருக்கிறார்கள். கேட்டதும் சொன்னதும் எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. உபயம், அடியேன். சாப்பிட்டுக் கை கழுவிய பெரியப்பா, "பொண்ணக் கூப்புடுங்க" என்று சைகை காட்ட, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, புதுக் காது வலியில் வீறிட்டு அழுகிற ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்திருக்கிறார்கள்.

ஒருவழியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெடியும் மீதியில்லை.

"இன்னா கருமம் புடிச்ச செட்டு அது. காதுல இன்னும் குய்யுனுது. எவன்யா போட்டவன்?"

"நான்தாங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். மகள் வந்து உட்கார்ந்து, சந்தனத்தைத் தானே தொட்டு வைத்துக்கொண்டாள். தட்டு மாற்றுகிற நேரத்தில் அவளுடைய விரல்கள் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தன. மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்தான். "மாமா, சத்தம் வருது. காத்து இந்தப் பக்கம் திரும்பிடுச்சி."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷப் பெட்டி என் வலது காதை என்றைக்கோ வாங்கிக்கொண்டது. சத்தத்தைக் குறைக்கச் சொல்ல ஆபரேட்டருக்கு ஃபோன் செய்தேன். "பார்ட்டி இன்னும் ஏத்தச் சொல்லுதுண்ணே!" என்று அவன் கத்தியது மட்டும் கேட்டது. மகள் எழுந்திருப்பதற்காகக் கையைத் தரையில் ஊன்றிவிட்டாள்.

பெரியப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் காதுக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டார். ஃபோனை என்னிடமிருந்து பிடுங்கினார்.

"வூட்டுக்காரருகிட்ட குடுப்பா... நாந்தாங்க, ரெண்டு வாட்டி கேசரி வாங்கினேனே, அந்த ஆளு. ஆமா, கொயந்த மடியில ஒண்ணுக்குப் போச்சே, அதே ஆளுதான். ஒரு ஒத்தாச பண்ணுங்க. இங்க எங்க பொண்ணுக்குச் சத்தம் ஆவாது. பாட்ட நிறுத்த வேணாம். பெட்டிய மட்டும் ஏரிப் பக்கமா திருப்பிடுங்க. நல்லா இருப்பீங்க."

சற்று நேரத்தில் விரல்கள் நின்றன. ஊன்றிய கை மடிக்குத் திரும்பியது. ஏரிக்கரைப் பக்கமிருந்து கொக்குகள் கூட்டமாகக் கிளம்பி எங்கள் வீட்டுக்கு மேலே பறந்து போனதை வாசலில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"பொண்ணுக்குச் சம்மதமா?" என்று பெரியப்பா சடங்குக்குக் கேட்டார். இதற்குக் குனிந்து சிரிப்பதுதான் வழக்கம்.

"சம்மதம். கல்யாணத்துக்கும் ஸ்பீக்கர் வேணாம்" என்றாள் மகள். பிறகு அவரையே பார்த்து, "இங்கயும் கேசரி பண்ணிக்கீறோம். சாப்புடறீங்களா, அங்கயே போதுமாயிடுச்சா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, அவளுக்கு விவரம் தேவைப்பட்டது.

"சாப்புடறேம்மா" என்றார். பிறகு எழுந்து நின்று, கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது, இது அவருடைய உத்தரவு என்று வாசல் வரைக்கும் கேட்கும்படி அறிவித்தார். மைக் இல்லாததால் முழுக்க முழுக்கக் கத்தித்தான் அறிவித்தார்.

மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எழுந்து போகவில்லை.